நாஸ்கார் ஓட்டுநரையும் ஃபார்முலா ஒன் ஓட்டுநரையும் ஒப்பிடுவது எப்படி?

"இடதுபக்கமே திரும்பித் திரும்பிச் சுத்துறதுக்குப் பேரு திறமையா?" என்பார்கள் ஃபார்முலா ஒன் ரசிகர்கள். "முன்னாடி போறவனைத் தாண்ட முடியாம ரெண்டு மணி நேரம் ஊர்வலம் போறது பந்தயமா?" என்று நாஸ்கார் பக்கத்திலிருந்து பதில் வரும். (நாஸ்கார் என்பது பெரும்பாலும் ஓவல் எனும் நீள்வட்டத் தடங்களில் நடக்கும் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம்; ஸ்டாக் கார் என்றால் கூரையுள்ள கனமான கார்.) இரண்டு கூட்டத்திலும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டையும் விடாமல் பார்க்கிறவன். இந்தச் சண்டையை வெற்றிக் கணக்கை வைத்துத் தீர்க்கவே முடியாது என்பது என் கட்சி. வேறு எதை வைத்துத்தான் ஒப்பிடுவது? நான் செய்வது இதுதான்.

முதலில் வண்டி

ஃபார்முலா ஒன் கார் ஓட்டுநரோடு சேர்த்து ஏறத்தாழ 800 கிலோ. சக்தி 1,000 குதிரைத்திறனை ஒட்டி. நாஸ்காரின் உச்சத் தொடரான கப்பில் ஓடும் கார், ஆள் ஏறி எரிபொருளும் நிரப்பினால் ஒன்றரை டன்னைத் தாண்டும். 2022-இல் வந்த நெக்ஸ்ட் ஜென் என்ற புதிய கப் காருக்குப் பெரும்பாலான தடங்களில் கொடுத்தது 670 குதிரைத்திறன். ஃபார்முலா ஒன் கார் வேகம் கூடக் கூடக் காற்றின் அழுத்தத்தால் தரையோடு அழுந்தும். மற்றது எப்போதும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டே போகும். முன்னதில் அந்த அழுத்தத்தை நம்பிக் காலை எடுக்காமல் இருப்பது பாதித் திறமை. பின்னதில் அந்த வழுக்கலை மூன்று நான்கு மணி நேரம் கைக்குள் வைத்திருப்பது. பழைய ஸ்டாக் கார் கொஞ்சம் பக்கவாட்டில் போனாலும் மன்னித்துவிடும். நெக்ஸ்ட் ஜென் வந்தபிறகு அந்தத் தாராளம் குறைந்துவிட்டது என்று ஓட்டுநர்களே புலம்பினார்கள்.

இண்டிகாரை (சக்கரங்கள் வெளியே தெரியும் கார்கள் ஓடும் அமெரிக்கத் தொடர்) இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். பவர் ஸ்டீயரிங் கிடையாது. தெருத் தடங்களில் அந்த ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் புஜத்துக்கும் மதிப்பெண் போடத் தோன்றும்.

ஒரே வளைவு, இரண்டு கார்

எனக்குப் பிடித்த பயிற்சி இது. டெக்சாஸில் உள்ள சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் தடத்தில் 2021 முதல் 2024 வரை இரண்டு பந்தயமும் ஒரே முழுத் தடத்தில் நடந்தன. (2025-இல் நாஸ்கார் தடத்தைச் சுருக்கிக்கொண்டது.) ஃபார்முலா ஒன்னில் முதலிடம் பிடித்த தகுதிச்சுற்று நேரங்கள் 1 நிமிடம் 32 முதல் 35 வினாடிக்குள். கப் காரில் 2 நிமிடம் 10 வினாடியை ஒட்டி. இரண்டின் ஆன்போர்டு வீடியோவையும் (காருக்குள்ளிருந்து எடுத்தது) எடுத்து வைத்துக்கொண்டு, நேரத்தை மறந்துவிட்டுக் கையையும் சத்தத்தையும் மட்டும் கவனியுங்கள்.

மூன்றாம் வளைவில் தொடங்கும் இடவல நெளிவுகளில் ஃபார்முலா ஒன் ஓட்டுநரின் கை பட்டென்று திரும்பும், பட்டென்று நேராகும். காரும் கூடவே திரும்பிவிடும். அங்கே பிழை என்பது மிகச் சிறியது. முதல் நெளிவில் ஓரடி அகன்றுபோனால், நான்காவது நெளிவு வரை அந்தக் கடனைக் கட்டிக்கொண்டே போகவேண்டும். அதே இடத்தில் கப் கார் ஓட்டுநர் எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாயும்வரை காத்திருப்பார். அவசரப்பட்டால் பின்பக்கம் வெளியே போய்விடும். கை திரும்பிய பிறகு கார் திரும்புவதற்குள் ஒரு சிறு இடைவெளி தெரியும் பாருங்கள், அந்த இடைவெளியில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் திறமை. நல்லவர் ஒன்றும் செய்யமாட்டார். சுமாரானவர் ஸ்டீயரிங்கை இரண்டு முறை திருத்துவார், ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு மிதிப்பார். எஞ்சின் சத்தம் திக்குவாயாகக் கேட்கும்.

பிறகு பின்நேர்கோட்டின் முடிவு, பன்னிரண்டாம் வளைவு. ஃபார்முலா ஒன்னில் கார்பன் பிரேக். கூடவே காற்றின் அழுத்தமும் உதவுகிறது. ஆகவே முதல் மிதி முழு பலத்தோடு; வேகம் இறங்க இறங்க அழுத்தம் குறையும், அதற்கேற்பக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். கப் காரில் இரும்பு டிஸ்க். நிறுத்தவேண்டிய எடையோ இரு மடங்கு. வெகு முன்னாலேயே தொடங்கவேண்டும், அதே பிரேக்கைப் பந்தயம் முடியும்வரை சூடேறாமல் காப்பாற்றவும் வேண்டும்.

இப்படி இடமும் வலமும் வளையும் சாலைத் தடத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் ஸ்டாக் கார் ஓட்டுநருக்கு அநியாயம். அவர்களுடைய வீடு ஓவல். டார்லிங்டன் போன்ற சொரசொரப்பான தடத்தை எடுங்கள். புது டயரில் முதல் ஐந்து சுற்று யார் வேகம் என்று பார்க்காதீர்கள். அது எல்லோருக்கும் வரும். முப்பதாவது சுற்றில் யார் குறைவாக இழந்திருக்கிறார், அதற்காக எந்தப் பாதைக்கு நகர்ந்தார் என்று பாருங்கள். ஹோம்ஸ்டெட் தடத்தில் கைல் லார்சன் சுவரை உரசாத குறையாக மேல்வரிசையில் ஓட்டுவார். அங்கே பிடிப்பு மிச்சமிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சுற்றுக்குச் சுற்று அங்கேயே நிற்கத்தான் ஆளில்லை.

இன்னொன்று நெரிசலும் காற்றும். பிரிஸ்டல் தடத்தின் நீளம் 0.533 மைல், அதாவது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சுற்றுக்குப் பதினைந்து பதினாறு வினாடி. கிட்டத்தட்ட நாற்பது கார். முன்னணியில் இருப்பவருக்குக் காலித் தடம் என்பதே கிடையாது. கடைசியில் ஓடுபவர்களைத் தாண்டிக்கொண்டே இருக்கவேண்டும். பெரிய ஓவல்களில், முன்னால் போகும் காரின் பின்மூலைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், தொடாமலே அதன் ஸ்பாய்லரில் (பின்பக்கத்தைத் தரையோடு அழுத்தும் தகடு) படும் காற்றைக் கெடுத்து, அதைத் தள்ளாடவைப்பார்கள். டிவியில் இது "ஏனோ அந்தக் கார் தடுமாறியது" என்றுதான் தெரியும். இதைப் பார்க்கப் பழகிய பிறகு நாஸ்கார் எனக்கு வேறு விளையாட்டாகிவிட்டது. சக்கரம் வெளியே இருக்கும் காரில் அந்த நெருக்கத்தில் டயரோடு டயர் பட்டால் கார் வானத்துக்கு எழும்பும். ஆகவே அவர்கள் இடைவெளியை அளக்கும் கணக்கே வேறு.

டேடோனா, டல்லடேகா முடிவுகளுக்கு நான் மிகக் குறைவான மதிப்பே தருவேன். எல்லோரும் ஒரே கொத்தாகப் போகிற இடத்தில், யாரோ ஒருவர் செய்யும் தப்புக்கு இருபது பேர் வீட்டுக்குப் போகிறார்கள்.

எண்களைப் பார்க்கும்போது

ஃபார்முலா ஒன்னில் ஒரே அளவுகோல், அதே அணியில் அதே வகைக் காரை ஓட்டும் இன்னொரு ஓட்டுநர்தான். தகுதிச்சுற்று வித்தியாசத்தை வினாடியில் எடுக்காமல் சதவீதமாக்குங்கள், சுற்று குட்டையான மொனாக்கோவில் 0.2 வினாடியும் சுற்று நீண்ட ஸ்பாவில் 0.2 வினாடியும் ஒன்றல்ல. மழை பெய்த நாட்களைத் தனியே எடுத்துவிட்டு, மீதியின் சராசரிக்குப் பதில் நடுமதிப்பைப் பாருங்கள். புள்ளிகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்லாரன் அணியின் 2010–2012 உதாரணம். மூன்று ஆண்டுக் கூட்டுத்தொகையில் ஜென்சன் பட்டன் 672, லூயிஸ் ஹாமில்டன் 657. தகுதிச்சுற்றிலோ ஹாமில்டன்தான் பெரும்பாலும் முன்னால். பட்டன் வேகமானவர் என்று இதற்கு அர்த்தமில்லை. டயரையும் சூழ்நிலையையும் கையாள்வது தனித் திறமை என்றுதான் அர்த்தம்.

நாஸ்காரில் ஒரே அணியின் நான்கு கார்களுக்கும் தனித்தனி க்ரூ சீஃப் (காரின் தலைமைப் பொறுப்பாளர்), தனித்தனி செட்டப். அந்த ஒப்பீடு இங்கே எடுபடாது. ஆகவே 2005 முதல் நாஸ்கார் வெளியிடும் டிரைவர் ரேட்டிங் என்ற மதிப்பெண்ணைப் பாருங்கள் (உச்சம் 150). அதைவிட, பந்தயம் முழுக்கச் சராசரியாக எந்த இடத்தில் ஓடினார் என்ற கணக்கு எனக்கு உபயோகமாக இருக்கிறது. கடைசிச் சுற்று விபத்து அதை அழித்துவிடாது.

கட்சி மாறியவர்கள்

இங்கேதான் உண்மையான சான்று கிடைக்கும். பொய்ச் சான்றும் இங்கேதான் நிறைய.

ஹுவான் பாப்லோ மொன்டோயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா ஒன்னில் 7 வெற்றி, இண்டிகாரின் பெரிய ஓவல் பந்தயமான இண்டி 500 இரண்டு முறை (2000, 2015). நாஸ்கார் கப்பில் இரண்டே வெற்றி, இரண்டும் சாலைத் தடம்: 2007 சொனோமா, 2010 வாட்கின்ஸ் க்ளென். "பார்த்தியா, ஓவல் வரல" என்று முடித்துவிடலாம்தான். ஆனால் 2009-இல் இண்டியானாபொலிஸ் ஓவலில் நடந்த கப் பந்தயத்தில் 160 சுற்றில் 116 சுற்று முன்னிலையில் இருந்தவர் அவர். பிட் பாதையில் (டயர் மாற்ற, எரிபொருள் நிரப்பப் போகும் வழி) வேகம் மீறியதற்கான தண்டனைதான் கவிழ்த்தது. வெற்றிப் பட்டியலில் அந்த மத்தியானம் இல்லவே இல்லை.

எதிர்த்திசையில் ஜிம்மி ஜான்சன். கப் பட்டம் ஏழு. 2021-இல் இண்டிகாருக்குப் போனபோது வயது 45. சாலை, தெருத் தடங்களில் பின்வரிசையிலேயே கிடந்தார். 2022-இல் ஓவல்களிலும் இறங்கினார்: டெக்சாஸில் 6-ஆம் இடம், அயோவாவில் 5-ஆம் இடம். கார் மாறினாலும் ஓவல் அறிவு கூடவே வந்தது. அந்தக் காரின் பிரேக்கையும் அழுத்தத்தையும் நம்பும் பழக்கம்தான் அந்த வயதில் வரவில்லை. நாஸ்கார் ஓட்டுநர் கர்ட் புஷ் 2014-இல் முதல் இண்டி 500-இலேயே 6-ஆவதாக வந்ததும் இதோடு பொருந்துகிறது.

ஆஸ்திரேலிய சூப்பர்கார்ஸ் தொடரில் மூன்று மூன்று பட்டம் வென்ற இரண்டு நியூசிலாந்துக்காரர்கள் விஷயத்தை இன்னும் சுவாரசியமாக்குகிறார்கள். ஷேன் வான் கிஸ்பெர்கன் 2023-இல் தன் முதல் கப் பந்தயத்தையே சிகாகோ தெருக்களில் வென்றார். 2025-இல் ஐந்து வெற்றி, எல்லாம் சாலை, தெருத் தடங்கள். ஓவலில் இன்னும் மாணவர்தான். ஸ்காட் மெக்லாஃப்லின் இண்டிகாருக்குப் போய், 2021-இல் டெக்சாஸில் தன் முதல் ஓவல் பந்தயத்திலேயே இரண்டாவதாக வந்தார். கூரையுள்ள கனமான காரிலிருந்து வந்தவருக்கு மெல்லிய கார் வராது என்று இனி யாரும் என்னிடம் சொல்லவேண்டாம்.

ஓரிரு பந்தயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஃபார்முலா ஒன்னிலிருந்து வந்த கிமி ரைக்கோனென் 2022-இல் வாட்கின்ஸ் க்ளென் கப் பந்தயத்தில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மோதலில் சிக்கி 37-ஆம் இடம். அது அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு முழுப் பருவமாவது வேண்டும். தடவகை வாரியாகப் பிரியுங்கள், மாறியபோது வயதைக் குறியுங்கள், கிடைத்த அணியின் தரத்தையும் குறியுங்கள்.

எல்லோருக்கும் ஒரே கார் கொடுத்த ஐராக் தொடரை (1970-களில் தொடங்கி 2006 வரை) சிலர் இறுதித் தீர்ப்பாகக் காட்டுவார்கள். நாஸ்கார் ஓட்டுநர் மார்க் மார்ட்டின் ஐந்து பட்டம் வென்றார் என்பார்கள். ஆனால் முதல் பருவத்தில் போர்ஷே கொடுத்ததைத் தவிர, பிறகு வந்தவை ஸ்டாக் கார் வகைதான். அது மார்ட்டினுக்குச் சொந்த ஊர். அதனால் 1986-இலும் 1988-இலும் அதே பட்டத்தை வென்ற ஓப்பன் வீல்காரர் (சக்கரம் வெளியே இருக்கும் கார் ஓட்டுபவர்) அல் அன்சர் ஜூனியருக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.