'வம்பில்லாத' அதிபர் வேட்பாளர்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கினால் போதும், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடைகளில் தே தாரிக் ஆறுவதற்குள் இரண்டு அணி உருவாகிவிடும். நமக்கு அங்கே ஓட்டில்லை, கருத்துக்குக் குறைவில்லை. தோற்ற கட்சியைப் பற்றி எப்போதும் ஒரே தீர்ப்புதான்: "வம்பு தும்பு இல்லாத ஆளாப் பார்த்து நிறுத்தியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்லா!" இந்தத் தீர்ப்புக்குள் சில தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு, வசதியான தோல்விகளை மட்டும் எடுத்துக்காட்டுவது. 1964-இல் பேரி கோல்ட்வாட்டர், 1972-இல் ஜார்ஜ் மெக்கவர்ன், இருவருமே தீவிரக் கருத்துக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். மெக்கவர்னுக்குக் கிடைத்தவை மாசசூசெட்ஸும் வாஷிங்டன் டி.சி.யும் மட்டுமே. சரி. ஆனால் 1996-இல் பாப் டோலும் 2012-இல் மிட் ரோம்னியும் நிதானமானவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள்தானே? அவர்களும் தோற்றார்கள். நான்கு பேரையும் எதிர்த்து நின்றவர் பதவியில் இருந்த அதிபர் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பதவியில் இருப்பவரை வீழ்த்துவது யாருக்குமே கஷ்டம்.

அடுத்தது, பாதுகாப்பான ஆளைத் தாக்க முடியாது என்று நம்புவது. 2004-இல் ஜனநாயகக் கட்சியினர் ஈராக் போரைக் கடுமையாக எதிர்த்த ஹாவர்ட் டீனை விட்டுவிட்டு ஜான் கெர்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். வியட்நாம் போரில் பதக்கம் வாங்கியவர், தேசப்பற்றில் யாரும் குறை சொல்ல முடியாது என்பது அவர்கள் எண்ணம். கெர்ரியை எதிர்த்த ஒரு குழு அந்தப் போர்க்காலத்தையே குறிவைத்து விளம்பரம் போட்டது. எது கவசம் என்று நினைத்தார்களோ அங்கேயே அடி விழுந்தது. எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது: அன்று கட்சியின் வேட்பாளர் தேர்வில் பலர் தமக்குப் பிடித்தவருக்கு ஓட்டுப் போடவில்லை, 'மற்றவர்களுக்குப் பிடிக்கும்' என்று தாம் ஊகித்தவருக்குப் போட்டார்கள். அடுத்தவர் ருசியை ஊகித்துச் சமைத்தால் யாருக்குமே பிடிக்காத குழம்புதான் வரும்.

மிகப் பெரிய தவறு, காலத்தைப் பார்க்காமல் ஆளை மட்டும் எடைபோடுவது. இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியதே இல்லை. நம் சுங்கை சிப்புட் தொகுதியில் 1974 முதல் ஆளுங்கூட்டணியின் சாமிவேலு அசைக்க முடியாதவராக இருந்தார். டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் 1999-இலும் 2004-இலும் அவரை எதிர்த்து நின்று தோற்றார். 2008-இல் அதே ஜெயக்குமார் ஜெயித்தார். ஆள் மாறவில்லை. நடுவில் 2007 நவம்பரில் கோலாலம்பூரில் இந்தியர்களின் உரிமை கேட்டு இண்ட்ராஃப் அமைப்பின் பேரணி நடந்து, தோட்டத்து வீடுகள் வரை மனநிலை மாறிப்போயிருந்தது.

1980-இல் ரொனால்ட் ரீகனை வயதானவர், ஆபத்தானவர் என்றார்கள். விலைவாசியாலும் ஈரான் பணயக்கைதி விவகாரத்தாலும் மக்கள் சலித்திருந்தார்கள். அவர் 489 தேர்வாளர் வாக்குகளோடு ஜெயித்தார். 2020-இல் பெருந்தொற்றுக்கு நடுவே நாடு களைத்திருந்தது. அப்போது பழகிய முகமான ஜோ பைடன் எடுபட்டார். ஆக, மக்கள் அமைதியைத் தேடும்போது வம்பில்லாதவரை நிறுத்தலாம். கோபத்தில் இருக்கும்போது நிறுத்தினால், அந்தக் கோபம் அவர் மேலேயே திரும்பும். கட்சிக்குள் சண்டை வேண்டாம் என்பதற்காக மட்டும் ஒருவரை நிறுத்துவது தலைவர்களுக்குப் பாதுகாப்பு, கட்சிக்கு இல்லை.

அப்புறம், நம் தேர்தலோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். நாம் எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போடுகிறோம். பெரும்பான்மை ஆதரவு உள்ளவரை மாமன்னர் பிரதமராக நியமிக்கிறார். அங்கே மாநிலவாரிக் கணக்கு: பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அத்தனையும் போகும். அதனால் 'நாடு முழுக்க யாருக்கும் வெறுப்பில்லை' என்பது பெரிய பலமில்லை. 2016-இல் அனுபவசாலி ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 78,000 வாக்குகளில் பதவியைக் கோட்டைவிட்டார்.