வயித்து கேன்சர் செல்லுன்னு லேபிள்ல இருந்தா நம்பிடாதீங்க

போன வாரம் லேப்ல புதுசா சேந்த பொண்ணு நைட்ரஜன் டேங்க்லேந்து ஒரு வயல எடுத்து உருக வச்சிட்டிருந்தா. எட்டிப் பாத்தா எஸ்ஜிசி-7901, வயித்து கேன்சர்னு லேபிள் ஒட்டின செல்லு. எனக்கு வயித்துல புளியக் கரைச்சிடுச்சு. ஆர்என்ஏ வேலைக்குப் புதுசா வர்றவங்க பண்ற தப்புகள எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. பைப்பெட் டிப் மாத்த மறக்கறது, ட்யூப்ல பேர் எழுதாம விடறது இதெல்லாம் ரெண்டு தடவ அடிபட்டா நீங்களே கத்துப்பீங்க, அத விடுங்க.

செல்லு யாருன்னே தெரியாம ஆரம்பிக்கறது

ஹாட்டேர்னு ஒரு லாங் நான்கோடிங் ஆர்என்ஏ, 2007ல கண்டுபிடிச்சது. இதுலேந்து புரோட்டீன் எதுவும் வராது, ஆனா பிஆர்சி2ங்கற புரோட்டீன் கூட்டத்தோட சேந்து சில ஜீன்கள வாயடைக்குதுன்னு சொல்வாங்க. வயித்து கேன்சர் கட்டில இது ஏறியிருந்தா நோய் பரவறதும் அதிகம்னு பேப்பர்கள் இருக்கு. நானும் எஸ்ஜிசி-7901ல இத குறைச்சேன், செல்லு நகர்றது குறைஞ்சுது, ஒப்பிட நார்மல் வயித்து செல்லுன்னு ஜிஇஎஸ்-1ங்கற செல் லைன பக்கத்துல வச்சேன், இப்படியே 11 மாசம் ஓடிச்சு, பேப்பர் எழுதி அனுப்பினா ரிவ்யூவர் எஸ்டிஆர் ரிப்போர்ட் எங்கன்னு கேட்டாரு. அது செல்லோட டிஎன்ஏ கைரேகை மாதிரி.

ரிப்போர்ட் வந்துச்சு. ஹீலா. 1951ல பால்டிமோர்ல ஹென்ரியெட்டா லாக்ஸ்ங்கற அம்மாவோட கர்ப்பப்பை வாய் கட்டிலேந்து எடுத்த செல்லு, வயித்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஜிஇஎஸ்-1 என்னன்னு பாத்தா அதுவும் ஹீலா! கேன்சரும் நார்மலும் ஒரே ஆளு. அப்ப நான் பெரிய வித்தியாசம்னு ஸ்டார் போட்டு வரைஞ்ச பார் கிராஃப் எல்லாம் ரெண்டு ஃப்ளாஸ்க் ஹீலா வேற வேற மாதிரி வளந்த வித்தியாசம், அவ்வளவுதான்.

வயித்து கேன்சர்னு சொல்ற பிஜிசி-823, எம்ஜிசி-803 கதையும் இதேதான். எம்கேஎன்-28 வயித்து செல்லுதான், ஆனா உண்மைல அது எம்கேஎன்-74ங்கற இன்னொரு லைன். செல்லோசாரஸ்னு செல் லைன் விவரம் எல்லாம் இருக்கற வெப்சைட்ல பேரப் போட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், நான் போடல, அதான் இன்னும் எரியுது. "இத வச்சு எவ்ளோ பேப்பர் வந்திருக்கே அக்கா"ங்கறா அந்தப் பொண்ணு. நானும் அதத்தான் சொன்னேன் அப்போ.

ஏஜிஎஸ், எம்கேஎன்-45, என்சிஐ-என்87 மாதிரி நிஜமான வயித்து கேன்சர் லைன் எடுங்க. எடுத்தாலும் வந்தவுடனே ஒரு எஸ்டிஆர், ஃப்ரீஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு எஸ்டிஆர். அவசரம்னா எச்பிவி-18க்கு ஒரு பிசிஆர் ஓட்டுங்க, ஹீலாக்குள்ள அந்த வைரஸ் டிஎன்ஏ உக்காந்திருக்கும். ஜெல்ல வைரஸோட பேண்ட் வரலன்னு எஸ்டிஆர விட்றாதீங்க.

டிஎன்ஏஸ் போடாம க்யூபிசிஆர்

போடுங்க. ஆர்என்ஏவோட கலந்திருக்கற டிஎன்ஏவ அழிக்கற என்சைம் அது; இல்லன்னா ஆர்என்ஏவ அளக்கற க்யூபிசிஆர் அந்த டிஎன்ஏவயும் சேத்து எண்ணிடும்.

மலாட்1க்கு எஸ்ஐஆர்என்ஏ

மலாட்1 இன்னொரு லாங் நான்கோடிங் ஆர்என்ஏ, நியூக்ளியஸ விட்டு வெளிய வராத ஆளு. ஆர்என்ஏவ குறைக்கப் போடற எஸ்ஐஆர்என்ஏ பெரும்பாலும் வெளியதான் வேலை செய்யும். நியூக்ளியஸ் உள்ளயும் ஆர்என்ஏவ வெட்ட வைக்கற கேப்மர் வாங்குங்க, காசு கொஞ்சம் கூடத்தான்.

எல்லாமே ஸ்பாஞ்ச்

ரெண்டு ஆர்என்ஏ ஒட்டுதான்னு வெளிச்சத்த வச்சு பாக்கற லூசிஃபெரேஸ் டெஸ்ட் வேலை செஞ்சதும் "எங்க ஆர்என்ஏ ஸ்பாஞ்ச் மாதிரி மைக்ரோஆர்என்ஏங்கற குட்டி ஆர்என்ஏவ உறிஞ்சுது"ன்னு படம் வரைய உக்காந்துடறாங்க. முதல்ல செல்லுக்கு எத்தனை காப்பின்னு எண்ணுங்க. அஞ்சு காப்பி இருக்கற உங்க ஆர்என்ஏ ஆயிரக்கணக்குல இருக்கற மைக்ரோஆர்என்ஏவ எப்படிங்க உறிஞ்சும்?