வங்கி பிடித்த மேலதிகப்பற்றுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது எப்படி?

மாசி, பங்குனி மாதங்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்போக நெல் அறுவடையாகிக் கையில் காசு சேரும் காலம். அதே மாதங்களில்தான் கணக்குக் கூற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இந்தக் காசை வங்கி ஏன் பிடித்தது?" என்று என்னிடம் வருபவர்களும் அதிகம். களுவாஞ்சிகுடியில் சிறு கடைகளுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே: "வங்கியில் போய்க் கேட்டீர்களா?" பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதை நம்மவர்கள் கடனுக்குக் கைநீட்டுவதைப் போல நினைத்துக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. பிடித்த கட்டணத்தைத் திருப்பிப் பதிவதற்கு வங்கிக்குள் வழி இருக்கிறது. அது தானாக நடக்காது, கேட்டால்தான் நடக்கும்.

முதல் படி: எந்த வரி என்று கண்டுபிடியுங்கள்

நடைமுறைக் கணக்கில், அதாவது காசோலை எழுதும் கணக்கில், இருக்கும் காசைவிடக் கூடுதலாக ஒரு காசோலை வந்து நின்றால் வங்கி இரண்டில் ஒன்றைச் செய்யும். காசோலையைத் திருப்பி அனுப்பும், அல்லது தன் காசைப் போட்டுச் செலுத்திவிடும். இரண்டாவதுதான் மேலதிகப்பற்று. நீங்கள் முன்கூட்டியே வங்கியோடு பேசி ஒரு எல்லையை ஒழுங்குசெய்திருந்தால் அது ஒரு வகை, பேசாமலே கணக்கு மறையில் (பூச்சியத்துக்குக் கீழே) போயிருந்தால் இன்னொரு வகை. இந்த வேறுபாட்டைச் சிறியதென்று எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி வட்டிக்கு உச்சவரம்பு விதித்தபோது, 23 சதவீதம் என்ற எல்லை முன்கூட்டியே ஒழுங்குசெய்த தற்காலிக மேலதிகப்பற்றுக்கு என்றுதான் வரையறுக்கப்பட்டது.

எனவே கடந்த மூன்று மாதக் கணக்குக் கூற்றை வாங்குங்கள். அதில் மறைமீதி வட்டி, தற்காலிக மேலதிகப்பற்றுக் கட்டணம், திரும்பிய காசோலைக் கட்டணம் என்று தனித்தனி வரிகள் இருக்கும். சுருக்கெழுத்துகள் புரியாவிட்டால் முகப்பில் இருக்கும் உத்தியோகத்தரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, பக்கத்திலேயே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வட்டியை நீங்களே கணக்குப் பாருங்கள். கணக்கு 40,000 ரூபா மறையில் 6 நாள் இருந்தது, ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரூபாவுக்கு ஓராண்டு வட்டி 9,600 ரூபா. அதை 365 ஆல் வகுத்து 6 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 158 ரூபா. அவ்வளவுதான். வங்கியின் காசை ஆறு நாள் பாவித்ததற்கான விலை அது, அதைக் கட்டிவிடுங்கள். கையைக் கடிப்பது வட்டி அல்ல, ஒவ்வொரு தடவையும் விழும் நிலையான கட்டணம். கேட்க வேண்டியதும் அதைத்தான். "எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள்" என்று கேட்பவரைவிட, "வட்டியைக் கட்டுகிறேன், இந்த இரண்டு கட்டணங்களை மட்டும் நீக்கித் தாருங்கள்" என்பவரின் பேச்சுக்கு மேசைக்கு அப்பால் இருப்பவர் காது கொடுப்பார். பல வருடமாகப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஏன் நடந்தது என்று திகதியோடு எழுதுங்கள்

நம் பக்கத்தில் பெரும்பாலும் காரணம் காசு இல்லாதது அல்ல, காசு வந்து சேரும் நாள்தான். எனக்கே நடந்தது. ஓர் ஆலைக்காரர் தந்த காசோலையை வெள்ளிக்கிழமை பிற்பகல் வைப்புச் செய்தேன். அந்த நேரத்தில் போடும் காசோலை அடுத்த வேலைநாளில்தான் வங்கிகளுக்கிடையிலான காசோலைத் தீர்ப்பனவுக்குப் போகும், அதற்கடுத்த வேலைநாளில்தான் காசாகும். திங்கட்கிழமை போயா விடுமுறை. ஆகவே காசு புதன்கிழமைதான் என் கணக்கில் விழுந்தது. உழவு இயந்திரத்துக்கான லீசிங் காசோலையோ செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. ஒரே ஒரு நாள் இடைவெளிக்கு, வட்டியைப் போலப் பல மடங்கு கட்டணம்.

வைப்புச் சீட்டையும் நாட்காட்டியையும் வைத்து இப்படி நாள் நாளாக எழுதுங்கள். அப்போது உங்கள் விடயம் எந்த வகை என்று தெரியும். வங்கியே பிழை விட்டிருந்தால், உதாரணமாக வைப்பைப் பிந்திப் பதிந்திருந்தால் அல்லது ஒரே கட்டணத்தை இரண்டு தடவை பிடித்திருந்தால், அது தள்ளுபடி அல்ல, திருத்தம். "பிழையைத் திருத்துங்கள்" என்றே எழுதுங்கள். என்னுடையதைப் போல நாள் பிசகியிருந்தால் அது வேண்டுகோள். உங்கள் கவனக்குறைவென்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, முதல் தடவை என்பதைக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்கில் காசு இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதிக் கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றம். உங்கள் நிலை அதுவானால் கட்டணத்தை விடுங்கள், காசோலையைப் பெற்றவருக்குக் காசைக் கொடுக்கும் வழியை முதலில் பாருங்கள்.

மூன்றாம் படி: குழியை மூடிவிட்டுப் போங்கள்

கணக்கு மறையில் இருக்கும்போது சலுகை கேட்டால் யாரும் தரமாட்டார்கள். மீதியை நேராக்கிவிட்டுக் கேளுங்கள்.

நான்காம் படி: கிளைக்கு நேரில் செல்லுங்கள்

சம்பளமும் ஓய்வூதியமும் விழும் நாட்களையும், விடுமுறைக்கு அடுத்த காலையையும் தவிருங்கள். வாரத்தின் நடுவில், பதினொரு மணியளவில் போனால் பேச நேரம் கிடைக்கும். கணக்குக் கூற்று, வைப்புச் சீட்டு, அடையாள அட்டை, கையொப்பமிட்ட கடிதத்தின் இரண்டு பிரதிகள் ஆகியவை கையில் இருக்கட்டும். முகப்பில் இருப்பவருக்குக் கட்டணத்தை நீக்கும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவரோடு வாதாடாமல், "மிஸ், முகாமையாளரை ஐந்து நிமிடம் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். உள்ளே போனதும் எவ்வளவு காலமாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள், என்ன நடந்தது, எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். குடும்பக் கஷ்டத்தை நீளமாகச் சொல்வதைவிட அந்த வைப்புச் சீட்டு நன்றாகப் பேசும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். இப்படி:

"முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

நடைமுறைக் கணக்கு இலக்கம் … தொடர்பானது. நான் … ஆண்டிலிருந்து தங்கள் கிளையின் வாடிக்கையாளர். … திகதி வைப்புச் செய்த … ரூபா காசோலை, இடையில் வந்த விடுமுறையால் … திகதியே கணக்கில் சேர்ந்தது. அதற்கு முதல் நாள் என் காசோலை ஒன்று வந்ததால் கணக்கு ஒரு நாள் மறையில் இருந்தது. இதற்கான வட்டியை ஏற்றுக்கொள்கிறேன். … திகதி பிடிக்கப்பட்ட … ரூபா கட்டணத்தை மீளப் பதிந்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் முடிவை எழுத்தில் அறியத் தரவும்."

ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள். இதை மறந்துவிட்டு வந்து, பிறகு "கடிதம் கிடைக்கவில்லை" என்ற பதிலைக் கேட்டு வாடி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: பாதி தந்தால், மறுத்தால்

பாதி தருகிறோம் என்றால் என் கருத்தில் வாங்கிக்கொள்வது நல்லது, சரியாகப் பிடித்த கட்டணமாக இருந்தால். வங்கியின் பிழையென்றால் ஒரு சதமும் விடக்கூடாது. அதற்குக் கிளை மறுத்தால் வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், முத்திரை குத்திய பிரதி அப்போதுதான் உதவும்.

காசோலை திரும்பியிருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். காசு போதாமல் திரும்பிய காசோலை, கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஏறும். கட்டணத்தைத் திருப்பித் தந்தாலும் அந்தப் பதிவு அதோடு அழியாது. வங்கியின் பிழையால் திரும்பியதானால், பதிவையும் திருத்தச் சொல்லிக் கடிதத்தில் தனியாக ஒரு வரி சேருங்கள்.

முகாமையாளர் சம்மதித்துவிட்டால் ஒரு வாரம் கழித்துக் கணக்குக் கூற்றைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். வாய்ச்சொல்லாகச் சரி என்றது பதிவாகாமலே போவதுண்டு. அந்த வருகையிலேயே ஒரு சிறிய மேலதிகப்பற்று எல்லைக்கு விண்ணப்பமும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஐப்பசியில் விதைப்புச் செலவு தொடங்குமுன் அது ஒழுங்காகிவிட்டால், அடுத்த மாசியில் ஆலைக்காரரின் காசோலை ஒரு நாள் பிந்தினாலும் லீசிங் காசோலை அந்த எல்லைக்குள் செல்லும்.