ஜெட்லாக்கை வீணாக்காதீர்கள்: பெங்களூரில் பெற்றோருக்கு வீட்டோடு ஆள் தேவையா என்று பார்ப்பது எப்படி

வெளிநாட்டிலிருந்து மூன்று வார லீவில் பெங்களூர் வருகிறீர்கள், அப்பா அம்மாவுக்கு வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் போட வேண்டுமா, பகலில் வந்து போகிற ஆள் போதுமா என்று முடிவு செய்தாக வேண்டும். முதல் நாலைந்து நாள் ராத்திரியில் தூக்கம் வராது. மாத்திரை போட்டுத் தூங்க முயலாதீர்கள், இந்த விஷயத்தில் உங்களுக்குக் கிடைக்கிற நல்ல துப்பெல்லாம் அந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

பகலில் அவர்கள் உங்களுக்காகத் தயாராகி நிற்பார்கள். போன டிசம்பரில் நான் மல்லேஸ்வரம் வீட்டுக்குப் போய் இறங்கியபோது அப்பா ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார், அம்மா எட்டாவது கிராஸில் வாங்கிய அவரேகாயை உரித்து சாம்பார் வைத்திருந்தாள், எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்து மூன்றாவது முயற்சியில் எழுந்தார், சுவரைத் தடவிக்கொண்டே பாத்ரூம் போனார் (அவர் கை படுகிற உயரத்தில் சுவர் நெடுக ஓர் அழுக்குக் கோடு இருந்ததை மறுநாள் வெளிச்சத்தில்தான் கவனித்தேன்), திரும்பி வரும்போது படுக்கையறைக்குப் போகாமல் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கப் போனார். அம்மா பின்னாலேயே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவர் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனாள். நாள்பட்ட பழக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்கு மட்டும் நாலு தடவை. அதாவது வீட்டோடு ஓர் ஆள் ஏற்கெனவே இருக்கிறாள், அவளுக்கு 74 வயது, சம்பளம் லீவு எதுவும் கிடையாது. ஃபோனில் எட்டு மாதமாக என்னிடம் "எல்லாம் நன்னா இருக்கு" என்றவளும் அவள்தான்.

பகலில் பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன. மருத்துவர்கள் 1963 முதல் பயன்படுத்தி வரும் காட்ஸ் அளவுகோல் ஒன்று உண்டு, ஆறே விஷயம்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இவற்றில் இன்னொருவர் கை தேவைப்படுகிறதா என்று பாருங்கள், "முடியுமா?" என்று கேட்காதீர்கள், முடியும் என்றுதான் சொல்வார்கள். சமையல், மருந்து, பேங்க், கரண்ட் பில் எல்லாம் வேறு கணக்கு. அவற்றில் மட்டும்தான் தடுமாற்றம், ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றால் பகல் ஆளும் மாத்திரை டப்பாவும் போதும், வீட்டோடு ஆள் போட்டு அவர்கள் வீட்டை அவர்களுக்கே அன்னியமாக்க வேண்டாம். மாத்திரைக்கு ஒரு சின்ன வேலை: பில்லில் உள்ள தேதியையும் பட்டையில் மிச்சமிருப்பதையும் வைத்து எண்ணிப் பாருங்கள். ஃபிரிட்ஜில் உடைக்காத நந்தினி பால் பாக்கெட் எத்தனை, தேதி என்ன என்றும் பாருங்கள். நடைக்கு ஒரு சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழுகிற ஆபத்து உண்டு என்று கணக்கு. பக்கத்தில் நின்றுகொண்டே செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிலைமை இரண்டு மூன்று வாரத்துக்குள் திடீரென்று மோசமானது என்றால் ஆள் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். ரத்த அழுத்தத்துக்குத் தருகிற சில மாத்திரைகளால் சோடியம் இறங்கலாம், பி12 குறைவும் தைராய்டும் மறதியாக வேஷம் போடும், தூக்க மாத்திரையும் தன் பங்குக்கு ஆட வைக்கும். இவற்றில் பல சரியாகக்கூடியவை. மறதி மெதுவாகக் கூடிக்கொண்டே வந்தது என்றால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது, ஒரு முழு நாளை ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

சரி, வீட்டோடு ஆள்தான் என்று முடிவாகிவிட்டது. இங்கேதான் வெளிநாட்டிலிருந்து வருகிற நாம் தப்புக் கணக்குப் போடுகிறோம். வீட்டோடு இருக்கிற ஆள் என்றால் 24 மணி நேரமும் விழித்திருக்கிற ஆள் இல்லை. அவரும் தூங்க வேண்டும். ஒரு ராத்திரிக்கு ஒரு தடவை எழுப்பினால் தாங்கும், நாலு தடவை என்றால் பத்தே நாளில் கிளம்பிவிடுவார். அப்படிப்பட்ட வீட்டுக்கு 12 மணி நேர ஷிஃப்டில் இரண்டு பேர், அல்லது ராத்திரிக்கு மட்டும் ஒருவர். எங்களுக்கு முதலில் ஏஜென்சி அனுப்பிய ஆள் இரண்டே நாளில் போய்விட்டார், மாற்று ஆளுக்கு ஒரு வாரம் இழுத்தடித்தார்கள். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன், லீவு நாளில் யார் வருவார், மாற்று ஆள் எத்தனை நாளில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அட்டெண்டர் வேறு, நர்ஸ் வேறு. ஊசி, சிறுநீர்க் குழாய், மூக்கு வழிக் குழாய் என்றால் நர்ஸ்தான். ஆதார் நகலும் போலீஸ் சரிபார்ப்பும் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். முதியோருக்கான பெங்களூர் ஹெல்ப்லைன் 1090, நாடு முழுவதற்கும் 14567, இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபோன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

நகையை லாக்கருக்குக் கொண்டுபோய்விடுங்கள். வருகிற ஆள் மேல் சந்தேகப்பட்டு இல்லை. மறதி உள்ளவர் தானே வைத்ததை மறந்து "திருடிட்டான்" என்பார், அந்தப் பழி ஓர் ஏழைப் பையன் தலையில் விழக்கூடாது. அதே போல வருகிற ஆள் எங்கே படுப்பார், என்ன சாப்பிடுவார் என்பதை அம்மாவோடு முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் என்று அம்மா ஆரம்பித்தாள், அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை, அப்புறம் வழிக்கு வந்தாள்.

நாள் கணக்கு முக்கியம். கடைசி இரண்டு நாளில் ஆளைப் போட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்கு ஓடுவதுதான் நம் வழக்கம். ஏழாம் நாளுக்குள் முடிவு எடுத்து, பத்தாம் நாள் ஆள் வந்துவிட வேண்டும், மிச்ச நாளெல்லாம் ஒத்திகை. நடுவில் ஒரு ராத்திரி ஜெயநகர் சித்தி வீட்டுக்குப் போய்ப் படுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்வரை எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.

எங்களுக்கு இரண்டாவதாக வந்த பையன் ஒடிசாக்காரன். அப்பாவுக்குத் தமிழும் கன்னடமும்தான், அவனுக்கு ஒடியாவும் கொஞ்சம் இந்தியும். காலண்டரின் பின்பக்கத்தில் இருபது தமிழ் வார்த்தைகளை நான் சொல்லச் சொல்ல அவன் தன் எழுத்தில் எழுதிக்கொண்டான்: தண்ணி, வலிக்குதா, மெதுவா, பாத்ரூம். சித்தி வீட்டில் நான் படுத்த மறுநாள் காலையில் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன், ஏழு மணி வரை யாரும் எடுக்கவில்லை. பதறிப்போய் ஆட்டோ பிடித்து வந்து பார்த்தால், அம்மா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.