பழைய கார்: நாமே சரி பண்ணுவதா, சரி பண்ணியதை வாங்குவதா?

கிளாசிக் கார் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறதே, வாங்கிப்போட்டு மெதுவாகச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பணத்தைத் தின்பது பெரும்பாலும் எஞ்சின் இல்லை, பாடிதான். கதவுக்குக் கீழே பெயின்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும், நல்ல தகடு வரும்வரை வெட்டிக்கொண்டே போனால் உள்ளங்கை அளவு ஓட்டை. அதை வெல்டு பண்ணி, தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடிப்பதற்குள் கூலி எகிறிவிடும். குரோம் பம்பர் தனிக்கதை: பழைய பூச்சை எடுத்து, பாலிஷ் போட்டு, செம்பு, நிக்கல், அதற்கு மேல்தான் குரோம்.

சரி பண்ணி முடித்த காரை விற்பவருக்குப் போட்ட காசு முழுதாகத் திரும்புவது அபூர்வம், அந்த நஷ்டம் உங்களுக்கு லாபம். ஆனால் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். இரும்புத் தகடு பாடி என்றால் சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி அங்கங்கே வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பெயின்ட் அடிக்கும் முன் வெறும் தகடாக இருந்தபோது எடுத்த படங்களையும் பில்களையும் கேளுங்கள், இல்லை என்றால் விலையைக் குறைத்தே பேசுங்கள்.

உங்களுக்கே வெல்டிங் கைவரும், அல்லது அது தாத்தா ஓட்டிய கார் என்றால் சரி, இறங்குங்கள். அப்போதும் எஞ்சின் செத்திருந்தாலும் பரவாயில்லை, துருப்பிடிக்காத, விளக்கு, கைப்பிடி எல்லாம் முழுசாக இருக்கும் காராகத் தேடுங்கள்.