ஓசூருக்கு லைட் ரயில்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அதை ஓசூருக்கு நீட்டும் பேச்சோடு, ‘லைட் ரயில் (டிராம் போல, மெட்ரோவைவிடச் சிறிய ரயில்) போதுமே, செலவு குறைவுதானே’ என்ற வாதமும் எழும்.

குறைவுதான், ஆனால் தரையில் தனித்தடம் கிடைத்தால். இடமில்லை என்று தூண்மேல் ஏற்றினால் அந்த மிச்சம் கரைந்துவிடும். தரையில் போட்டாலும் சாலைக்கு அடியில் ஒகேனக்கல் குடிநீர்க் குழாய், கேபிள், சாக்கடை எல்லாம் இருக்கும். அவற்றை இடம் மாற்றும் செலவைக் குறைத்து மதிப்பிடுவது பழைய தவறு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ டிராம் 2014-ல் ஓடத் தொடங்கியபோது செலவு 77.6 கோடி பவுண்டு. முதலில் போட்ட மதிப்பீட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதுவும் பாதையைச் சுருக்கிய பிறகு! நிலத்தடிக் குழாய் வேலையும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்தது, எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது. திட்டத்தின் பலன் கணக்கில் பயண நேரம் மிச்சம் என்று ஒரு வரி, நிலத்தின் விலை ஏறும் என்று இன்னொரு வரி எழுதி, இரண்டையும் கூட்டிவிடுகிறார்கள். நேரம் மிச்சமாவதால்தான் பெரும்பாலும் விலையே ஏறுகிறது. ஒரே பலனை இரண்டு முறை எண்ணக் கூடாது. அப்புறம், அந்த உயர்வு யார் கைக்குப் போகிறது? சிப்காட்டில் வேலை பார்த்து வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அது வாடகை உயர்வாகத்தான் வரும்.

பயணிகள் எண்ணிக்கையை நம்பிவிடுவதும் ஆபத்து. டென்மார்க் ஆய்வாளர் ஃபிளிவ்பியர் குழுவின் 2005 ஆய்வில், 27 ரயில் திட்டங்களில் சராசரியாக எதிர்பார்த்ததில் பாதிப் பேர்தான் ஏறினார்கள்.

‘டிக்கெட் காசில் கடன் அடையுமா?’ என்பதும் சரியான கேள்வியல்ல. கட்டுமானக் கடனைக் கட்டணத்திலேயே அடைத்த நகரங்கள் அரிது. ஆண்டுதோறும் ஓட்டும் செலவில் விழும் துண்டை யார் கட்டுவது என்று கேளுங்கள். இங்கே பாதை கர்நாடகத்திலும் ஓடுவதால் கேள்வி இன்னும் சிக்கல்.

ரயிலை இன்றைய நெரிசலோடு மட்டும் ஒப்பிட்டால் ரயில்தான் ஜெயிக்கும். தனித்தடத்தில் அடிக்கடி ஓடும் பஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வண்டி மாறுவதையும் மறக்க வேண்டாம். பெங்களூரு மெட்ரோ மூன்றாம் தண்டவாளம் (பாதையின் பக்கத்தில் மின்சாரம் தரும் தண்டவாளம்) வழியாக 750 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிறது. லைட் ரயிலின் மின்சார முறையும் வண்டியும் நடைமேடையும் வேறு மாதிரி இருந்தால், ஒரே வண்டி இரண்டு பாதையிலும் ஓட முடியாது; எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர் பொம்மசந்திராவில் இறங்கி, படியேறி, மறுபடி காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை மிச்சக் கணக்கிலிருந்து கழித்தாக வேண்டும்.