ஜோக்கரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமிக்ஸ் பற்றி எழுத வரும் இளைஞர்கள் தங்கள் கட்டுரைகளை என்னிடம் காட்டுவதுண்டு. பேட்மேனின் எதிரி ஜோக்கர் என்றால் எல்லோருக்கும் தனி உற்சாகம். செய்யும் தவறுகளும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆரம்பத்தில் நானும் செய்தவை. காமிக்ஸ் நிறுவனங்களில் டிசி எது, மார்வெல் எது என்ற குழப்பத்தையெல்லாம் இங்கே எடுக்கவில்லை. அது தானாகத் தெளிந்துவிடும்.

எல்லா ஜோக்கர்களையும் ஒரே ஆளாக்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒருவர் ஜோக்கரின் வாழ்க்கை வரலாறு என்று நீண்ட கட்டுரை ஒன்றை அனுப்பினார். இயற்பெயர் ஆர்தர் ஃப்ளெக். தாயோடு வறுமையில் வாழ்ந்தவன். பிறகு ஜாக் நேப்பியர் என்ற பெயரில் ரவுடியானான். பேட்மேனின் பெற்றோரைச் சுட்டான். ரசாயனத் தொட்டியில் விழுந்தான். நல்ல நடை, கடும் உழைப்பு. ஆனால் ஒரு பத்தியைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. ஆர்தர் 2019-ல் வந்த 'ஜோக்கர்' படத்துக்காக உருவாக்கப்பட்டவன். நேப்பியர் 1989-ல் டிம் பர்ட்டன் எடுத்த படத்தின் ஆள். பெற்றோரைக் கொன்ற பழியும் அந்தப் படத்தோடு சரி. காமிக்ஸில் அந்தக் கொலைகாரனுக்கு 1948-லேயே ஜோ சில் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

படம் மட்டும் பார்த்தவர்கள்தான் சறுக்குகிறார்கள் என்றில்லை. காமிக்ஸ் படித்தவர்கள், ஆலன் மூர் எழுதி பிரையன் போலந்து வரைந்த 'த கில்லிங் ஜோக்'கை (1988) காட்டி, அசல் கதை இதுதான் என்று அடித்துச் சொல்வார்கள். ரசாயன ஆலை வேலையை விட்டுவிட்டு மேடை நகைச்சுவையில் தோற்றவன், கர்ப்பிணி மனைவி, அவளுடைய திடீர்ச் சாவு, அன்றிரவே சிவப்பு முகமூடியோடு திருடர்கள் பின்னால் போவது. மனதைப் பிசையும் பக்கங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் தன் கடந்தகாலம் ஒரு சமயம் ஒரு மாதிரியும் இன்னொரு சமயம் வேறு மாதிரியும் நினைவுக்கு வருகிறது என்று அதே புத்தகத்தில் ஜோக்கரே சொல்கிறான். அதைத் தாண்டிப்போனவர் புத்தகத்தைப் படிக்கவேயில்லை என்பேன். போலந்து தானே வண்ணம் தீட்டிய 2008 பதிப்பைப் பாருங்கள். அந்த நினைவுகள் மட்டும் கறுப்பு வெள்ளையில் இருக்கும். நடுவே ஏதாவது ஒரு பொருள் மட்டும் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பு முகமூடியே 1951 கதை ஒன்றிலிருந்து வந்தது. அங்கே மனைவியும் இல்லை, துயரமும் இல்லை. அவன் வெறும் திருடன்.

2008-ல் வந்த 'த டார்க் நைட்' படத்திலும் இதே உத்திதான். வாயோரத் தழும்புக்கு ஒருவனிடம் அப்பாவைக் காரணம் சொல்கிறான், பேட்மேனின் தோழி ரேச்சலிடம் மனைவியை. இரண்டில் எது உண்மை என்று படம் சொல்வதில்லை. பின்கதையை யாரும் பூட்டி முத்திரை வைக்காததால்தான் புதிதாக வரும் ஒவ்வொரு எழுத்தாளரும் இவனை முதலிலிருந்து தொடங்க முடிகிறது. அந்த வசதியை உங்கள் கட்டுரை அழித்துவிடக் கூடாது. ஜோக்கரின் வாழ்க்கை பற்றி எதை எழுதினாலும் எந்தக் கதை, எந்த ஆண்டு என்பதைக் கூடவே எழுதுங்கள்.

என்றைக்கும் கொடூரன் என்பது

1940-ல், 'பேட்மேன்' முதல் இதழில், பிணங்களின் முகத்தில் சிரிப்பை உறையவைக்கும் கொலைகாரனாகத்தான் வந்தான். அந்த இதழிலேயே அவனைச் சாகடிக்க நினைத்திருந்தார்கள். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தலையிட்டதால் பிழைத்தான். 1954-ல் காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்த காலத்தில் வெறும் குறும்புக்காரன். 1973-ல் எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் கொலைகாரனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடையிலுள்ள ஆண்டுகளை விழுங்கிவிட்டு எழுதாதீர்கள்.

படைத்தவர் பாப் கேன் மட்டும் என்பது

ஓவியர் பாப் கேனோடு எழுத்தாளர் பில் ஃபிங்கரையும் ஓவியர் ஜெர்ரி ராபின்சனையும் விடக் கூடாது.

விக்டர் ஹ்யூகோவின் வில்லன் என்பது

ஜோக்கர் ஹ்யூகோவின் வில்லனிலிருந்து வந்தவன் என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஹ்யூகோவின் 1869 நாவலான 'த மேன் ஹூ லாஃப்ஸ்'-இல் வரும் க்வின்ப்ளேன் வில்லனே அல்ல. குழந்தையாக இருந்தபோதே முகத்தில் சிரிப்பைச் செதுக்கிவிட்ட கொடுமைக்கு ஆளானவன், நல்லவன். ஜோக்கருக்கு வந்து சேர்ந்தது முகம் மட்டும்தான், அதுவும் அந்த நாவலின் 1928 படத்தில் அந்த வேடம் போட்ட கான்ராட் ஃபைட்டின் முகம்.

ஹார்லி க்வின்

ஜோக்கரின் கூட்டாளியான இவள் காமிக்ஸில் பிறந்தவள் அல்ல. 1992-ல் பேட்மேன் தொலைக்காட்சி கார்ட்டூனில் வந்தவள்.

ஆஸ்கர்

ஜோக்கராக நடித்து ஆஸ்கர் வாங்கிய இருவரைக் குழப்பாதீர்கள். 'த டார்க் நைட்'டில் நடித்த ஹீத் லெட்ஜருக்குச் சிறந்த துணை நடிகர் விருது. சிறந்த நடிகர் விருது 2019 படத்தில் நடித்த ஜோக்வின் ஃபீனிக்ஸுக்கு.